செய்நிரலைத் தொகுத்தலும் நிறுவுதலும்

எமது கணினி ஆய்வுகூடத்தில் ஒரு செய்நிரலை எழுதி முடித்ததும் நாம் செய்வது ஒன்றுதான். இயக்கும் பொத்தானை அழுத்துகிறோம், திரையில் விடை வருகிறது, ஆசிரியை பார்த்துவிட்டுப் புள்ளி போடுகிறார். மணி அடித்ததும் கணினியை அணைத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போகிறோம். செய்நிரல் அந்தக் கணினியிலேயே கிடக்கிறது. அதை வீட்டுக்குக் கொண்டுபோய் உம்மாவிடம் கொடுத்து, "இதைப் பாவியுங்கள்" என்று சொல்ல எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? எழுதியவள் பக்கத்தில் இல்லாதபோதும் ஒரு செய்நிரல் இன்னொருவருடைய கணினியில் வேலை செய்ய வேண்டுமானால், அதைத் தொகுக்க வேண்டும்; தேவையானால் நிறுவவும் வேண்டும். இந்த இரண்டும் எப்படி நடக்கின்றன என்பதைக் கோ என்ற நிரலாக்க மொழியை வைத்து விளக்கப் பார்க்கிறேன். கணினி படிக்காத பெற்றோரும் வாசிப்பார்கள் என்பதால் சில இடங்களில் அடிப்படையிலிருந்தே தொடங்குகிறேன். கணினி படிக்கும் தோழிகள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எடுத்துக்காட்டாக எங்கள் வீட்டில் பாவிக்கும் ஒரு சிறிய செய்நிரலையே எடுத்துக்கொள்கிறேன். அது ஸகாத் கணக்குப் பார்ப்பது. கையிருப்புப் பணம், வங்கியில் உள்ளது, வியாபாரப் பொருட்களின் பெறுமதி, தங்கத்தின் நிறை, அன்றைய தங்க விலை ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கேட்கும். 85 கிராம் தங்கத்தின் பெறுமதியை, அதாவது பத்தரைப் பவுணுக்குச் சற்று மேற்பட்டதை, நிஸாப் எல்லையாக வைத்துப் பார்க்கும். மொத்தம் அதைத் தாண்டினால் நாற்பதில் ஒரு பங்கைச் சொல்லும். எதைச் சேர்ப்பது, எதைக் கழிப்பது, அணியும் நகைக்கு உண்டா இல்லையா என்பதெல்லாம் மௌலவியிடம் கேட்டுத் தெளிய வேண்டியவை. கூட்டல், பெருக்கல், வகுத்தல்தான் செய்நிரலின் வேலை.

இப்படிக் கணக்குப் பார்க்கும் இணையத்தளங்கள் நிறைய உள்ளன. ஆனால் ஒரு வீட்டில் எவ்வளவு பணம் இருக்கிறது, எத்தனை பவுண் நகை இருக்கிறது என்பதை யார் நடத்துகிறார் என்று தெரியாத ஓர் இணையத்தளத்தில் எழுத எங்கள் உம்மா விரும்பவில்லை. நான் எழுதியதைக் காட்டியபோதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "மகள், இதுல எழுதுற கணக்கு வேற யாருக்கும் போகுமா?" என்பதுதான். நல்ல கேள்வி. அதற்கான பதில் தொகுத்தல் என்ற விடயத்தோடு நெருங்கிய தொடர்புடையது என்பதால் சற்றுப் பிறகு வருகிறேன்.

முதலில் தொகுத்தல் என்றால் என்ன? நாம் எழுதும் செய்நிரல் ஆங்கிலச் சொற்களும் குறியீடுகளும் கலந்த ஒரு கட்டுரை போன்றது. கணினியின் செயலிக்கு அது விளங்காது. அதற்கு விளங்குவது பொறிமொழி, அதாவது வெறும் எண்களாலான கட்டளைகள். நாம் எழுதியதை அந்த எண்களாக மாற்றித் தருவது தொகுப்பான். ஆங்கிலத்தில் கம்பைலர் என்கிறோம்.

இந்தப் பெயருக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் கணிதம் கற்பித்தவரும் கடற்படையில் பணியாற்றியவருமான கிரேஸ் ஹொப்பர் என்ற பெண்மணி, 1952ஆம் ஆண்டளவில் யூனிவாக் கணினிக்காக ஏ-0 என்ற முறையை உருவாக்கினார். அடிக்கடி தேவைப்படும் கணக்கு வழிமுறைகள் காந்த நாடாவில் துண்டு துண்டாகச் சேமிக்கப்பட்டிருந்தன. எந்தெந்தத் துண்டு வேண்டும் என்று குறித்துக் கொடுத்தால், கணினியே அவற்றை நாடாவிலிருந்து எடுத்துச் சேர்த்து ஒரு முழுச் செய்நிரலாக்கியது. பல இடத்தில் கிடப்பதை ஓரிடத்தில் திரட்டுவதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்துதான் கம்பைலர் என்ற பெயர் வந்தது. பின்னாளில் மொழிமாற்றமே அதன் முக்கிய வேலையாகிவிட்டதால், இன்று ஆங்கிலத்தில் படிப்பவர்களுக்கே அந்தப் பழைய பொருள் நினைவுக்கு வருவதில்லை. தமிழில் அது அப்படியே நிற்கிறது. பல புலவர்களின் பாடல்களைத் திரட்டி எட்டுத்தொகை ஆக்கினார்களே, அதே 'தொகு'தான் தொகுப்பானிலும் இருக்கிறது. எமது பாடநூலில் இந்தச் சொல்லைத் தேர்ந்தவர்களை எனக்குப் பிடிக்கும்.

நாம் உயர்தரத்தில் படிக்கும் பைதன் மொழியில் இந்த வேலை வேறு விதமாக நடக்கிறது. பைதன் செய்நிரல் இயங்கும் ஒவ்வொரு தடவையும், அதைப் படித்து நிறைவேற்ற மொழிமாற்றி ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டும். ஆகவே நான் எழுதிய பைதன் கோப்பைச் சாச்சியின் கணினிக்குக் கொண்டுபோனால், அங்கே முதலில் பைதனை நிறுவ வேண்டும். நான் எழுதிய பதிப்புக்கும் அங்கே நிறுவும் பதிப்புக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும். மேலதிக நூலகங்கள் பாவித்திருந்தால் அவற்றையும் இறக்க வேண்டும். எழுதப் பழகுவதற்குப் பைதன் மிக அருமையான மொழி, கொடுத்தனுப்புவதில்தான் சிரமம்.

கோ மொழி இந்த இடத்தில் கைகொடுக்கிறது. (தமிழில் கோ என்றால் அரசன். இது 'போ' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்.) கூகிள் நிறுவனத்தில் ரொபர்ட் கிரீஸ்மர், ரொப் பைக், கென் தொம்சன் ஆகிய மூவர் 2007 செப்டெம்பரில் இதை வடிவமைக்கத் தொடங்கினார்கள். அப்போது பைக் வேலை செய்துகொண்டிருந்த ஒரு பெரிய சி பிளஸ் பிளஸ் செய்நிரலைத் தொகுக்க, பல கணினிகள் சேர்ந்து உழைத்தும், ஏறத்தாழ 45 நிமிடம் எடுத்ததாம். ஒரு பாடவேளை முழுவதும் காத்திருப்பதைப் போன்றது. விரைவாகத் தொகுக்கக்கூடிய மொழி வேண்டும் என்ற எண்ணம் அந்தக் காத்திருப்பில் வலுப்பட்டது. 2009 நவம்பரில் மொழி உலகுக்கு அறிவிக்கப்பட்டது. முதலாவது நிலையான பதிப்பு 2012 மார்ச்சில் வந்தது. யாரும் இலவசமாக இறக்கிப் பாவிக்கலாம்.

கோவை நிறுவியதும் 'கோ' என்ற பெயரிலேயே ஒரு கருவி கிடைக்கிறது. அதற்குச் சாளரமோ பொத்தான்களோ இல்லை. விண்டோஸில் கறுப்புத் திரையாகத் திறக்கும் கட்டளைச் சாளரத்தில் சொற்களைத் தட்டச்சுச் செய்துதான் அதனிடம் வேலை வாங்க வேண்டும். கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். கணினியில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்ட வேண்டும்.

ஸகாத் என்ற பெயரில் ஒரு கோப்புறையை உருவாக்கி, அதற்குள் நின்று 'கோ மொட் இனிட் ஸகாத்' என்று கொடுத்தால், செய்நிரலின் பெயரையும் கோ பதிப்பையும் குறித்துவைக்கும் ஒரு சிறு கோப்பு உருவாகும். இது ஒருமுறை செய்தால் போதும். பிறகு செய்நிரலை 'மெயின்' என்ற கோப்பில் எழுதுகிறோம். பணத்தொகைகளை ரூபாவாகத் தசமத்தில் வைக்காமல் சதங்களாக முழு எண்ணில் வைப்பது நல்லது. கணினி சாதாரணமாகப் பாவிக்கும் தசம எண்களில் பத்தில் ஒன்றைக்கூடத் துல்லியமாக வைத்திருக்க முடியாது. ஸகாத் கணக்கில் அது வேண்டாமே.

எழுதும்போது சோதித்துப் பார்க்க 'கோ ரன்' உதவுகிறது. புள்ளி ஒன்றைச் சேர்த்து 'கோ ரன் .' என்று கொடுத்தால், இந்தக் கோப்புறையில் உள்ளதை இயக்கு என்று பொருள். பைதனில் செய்வதைப் போலவே தோன்றும். உண்மையில் உள்ளே வேறொன்று நடக்கிறது. கருவி செய்நிரலை முழுமையாகத் தொகுத்து இயக்குகிறது, ஆனால் தொகுத்த கோப்பை எமது கோப்புறையில் வைப்பதில்லை. விடை திரையில் வந்திருக்கும். உம்மாவிடம் கொடுப்பதற்கு எதுவும் மிஞ்சியிருக்காது.

மிஞ்ச வேண்டுமானால் 'கோ பில்ட்'. பிழை இல்லாவிட்டால் இது ஒன்றும் சொல்லாமல் அடுத்த வரிக்கு வந்துவிடும். முதல் தடவை செய்பவர்கள் எதுவும் நடக்கவில்லை என்றே நினைப்பார்கள். கோப்புறையைத் திறந்து பார்த்தால் ஸகாத் என்ற பெயரில், விண்டோஸ் ஆனால் 'எக்ஸி' என்ற பின்னொட்டுடன், ஒரு புதிய கோப்பு இருக்கும். அதுதான் தொகுத்த செய்நிரல். நாம் எழுதியது நூறு வரி, சில கிலோபைட். தொகுத்த கோப்போ ஏறத்தாழ 2 மெகாபைட் இருக்கும். எதற்கு இவ்வளவு பெருக்கம்? எழுத்தைத் திரையில் காட்டுவது, விசைப்பலகையிலிருந்து வாசிப்பது, நினைவகத்தை ஒதுக்கித் திரும்பச் சேகரிப்பது என்று எமது செய்நிரலுக்குத் தேவையான அத்தனை துண்டுகளையும் கோ அதே கோப்புக்குள் சேர்த்துக் கட்டிவிடுகிறது. இங்கே ஹொப்பரின் பழைய 'திரட்டுதல்' மீண்டும் வந்துவிடுகிறது. இந்தக் கோப்பைப் பென் டிரைவில் போட்டு, கோவும் இல்லாத இணையமும் இல்லாத ஒரு கணினியில் வைத்தாலும் அது இயங்கும். பிரயாணத்துக்குச் சோறும் கறியும் தண்ணீரும் ஒரே பையில் கட்டிக்கொண்டு போவது போல. பை சற்றுப் பாரமாகத்தான் இருக்கும், வழியில் கடை தேட வேண்டியதில்லை.

ஒரு சிறிய குறிப்பு: கட்டளைச் சாளரத்துக்காக எழுதிய செய்நிரலை வீட்டில் உள்ளவர்கள் சுட்டியால் இரட்டைச் சொடுக்குச் செய்து திறப்பார்கள். கறுப்புச் சாளரம் விடையைக் காட்டிய மறுகணம் தானாக மூடிவிடும். ஆகவே கடைசி வரியில் 'என்டர் விசையை அழுத்தவும்' என்று காத்திருக்க வைப்பது அவசியம்.

பழைய கணினிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எமது வீடுகளிலும் கடைகளிலும் விண்டோஸ் 7 ஓடும் கணினிகள் இன்னும் இருக்கின்றன. சில 32 பிட் வகையைச் சேர்ந்தவை. புதிய மடிக்கணினி ஒன்றில் கோ பில்ட் கொடுத்தால் அந்த மடிக்கணினிக்குப் பொருத்தமான 64 பிட் கோப்புத்தான் உருவாகும், 32 பிட் கணினியில் அது ஓடாது. ஆனால் தொகுப்பதற்கு முன் 'கோஆர்ச்' என்ற சூழல் மாறியில் 386 என்று எழுதிவிட்டால், அதே மடிக்கணினியிலிருந்தே 32 பிட் கோப்பைப் பெறலாம். 'கோஓஎஸ்' என்ற இன்னொரு மாறியை லினக்ஸ் என்று மாற்றினால், விண்டோஸில் இருந்தபடியே லினக்ஸுக்கான கோப்பு கிடைக்கும். இலக்குக் கணினி கையில் இருக்க வேண்டியதே இல்லை. என்னைக் கேட்டால் கோவின் கருவியில் மிகச் சிறந்த அம்சம் இதுதான்.

விண்டோஸ் 7க்கு இது மட்டும் போதாது. 2023 பெப்ரவரியில் வந்த கோ 1.20 பதிப்புத்தான் விண்டோஸ் 7, 8 ஆகியவற்றை ஆதரித்த கடைசிப் பதிப்பு. அதற்கு அடுத்த 1.21 முதல் விண்டோஸ் 10 அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும். இது தொகுக்கும் கணினிக்கு மட்டுமான விதியன்று, தொகுத்த கோப்பு ஓடும் கணினிக்கும் பொருந்தும். எனவே பழைய கணினிக்காகத் தொகுப்பவர் 1.20 பதிப்பைத் தேடி இறக்கிப் பாவிக்க வேண்டும். பழைய பதிப்புகள் எல்லாம் கோவின் இணையத்தளத்திலேயே வைக்கப்பட்டுள்ளன. இறக்கும் அளவு 100 மெகாபைட்டை விடக் குறைவு. அதன் பின் மொழியோடு வரும் நூலகங்களை மட்டும் பாவித்தால், தொகுப்பதற்கு டேட்டா ஒரு துளியும் செலவாகாது.

இனி உம்மாவின் கேள்விக்கு வருகிறேன். தொகுத்த கோப்பைத் திறந்து பார்த்தால் யாருக்கும் எதுவும் விளங்காது. அது வெறும் எண். கணக்கைச் சரியாகச் சொல்லிவிட்டு, பின்னால் அதை இணையத்தில் அனுப்பும் ஒரு கோப்பும் வெளித்தோற்றத்தில் இதே போலத்தான் இருக்கும். ஆகவே அந்தக் கோப்பை மட்டும் காட்டி "எங்கும் போகாது உம்மா" என்று சொன்னால் அது வெறும் வாக்கு. நான் மகள் என்பதால் அவர் நம்பிவிடுவார். பக்கத்து வீட்டு மாமி ஏன் நம்ப வேண்டும்?

இதற்குப் பதில் மூலக் குறிமுறையில், அதுவும் அதன் முதல் சில வரிகளிலேயே இருக்கிறது. கோ மொழியில் ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்திலும், எந்தெந்த நூலகப் பொதிகளைப் பாவிக்கிறோம் என்று 'இம்போர்ட்' பட்டியல் எழுத வேண்டும். பட்டியலில் இல்லாத பொதியை உள்ளே பாவிக்க முடியாது. பட்டியலில் எழுதிவிட்டுப் பாவிக்காமல் விட்டாலும் தொகுப்பான் பிழை என்று நின்றுவிடும். புதிதாகப் படிப்பவர்களுக்கு இது எரிச்சல் தரும் கண்டிப்பு. தேவையற்றதைத் தொகுத்து நேரத்தை வீணாக்கக் கூடாது என்பதற்காகவே அப்படி வடிவமைத்தார்கள். எமக்கோ இன்னொரு பயன் கிடைக்கிறது: பட்டியல் கூடுதலும் குறைவும் இல்லாத கணக்கு. எங்கள் ஸகாத் செய்நிரலின் பட்டியலில் ஐந்து பொதிகள் உள்ளன. திரையில் எழுத ஒன்று, வரிவரியாக வாசிக்க ஒன்று, விசைப்பலகையைத் தொட ஒன்று, எழுத்தை எண்ணாக்க ஒன்று, வெற்றிடங்களை நீக்க ஒன்று. இணையத்தோடு பேசும் 'நெட்' என்ற பொதி இல்லை. இயங்குதளத்தை நேரடியாக அழைக்கும் பொதியும் இல்லை. கணினி படித்த எவரும் ஒரு நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடலாம்.

பட்டியலைக் காட்டிவிட்டு வேறொரு கோப்பைக் கொடுத்தால்? அதற்குத்தான் தொகுக்கத் தெரிந்திருக்க வேண்டும். மூலக் குறிமுறையைப் பெற்றுக்கொண்டு, தம் வீட்டுப் பிள்ளையைக் கொண்டு தம் கணினியிலேயே 'கோ பில்ட்' செய்வித்தால், ஓடுவது தாங்கள் வாசித்ததுதான் என்பதில் சந்தேகம் இருக்காது. அதனால் செய்நிரலைக் கொடுக்கும்போது எழுதியதையும் தொகுத்ததையும் சேர்த்தே கொடுப்பது நல்லது என்று நினைக்கிறேன். பிறருடைய வீட்டுக் கணக்கைத் தொடும் செய்நிரல் ஓர் அமானிதம் அல்லவா?

பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. கோவில் தொகுத்த கோப்பைச் சில வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் காரணமின்றிச் சந்தேகிப்பதுண்டு. கோவை உருவாக்கியவர்களே தங்கள் கேள்வி பதில் பக்கத்தில் இதைக் குறிப்பிட்டிருக்கிறார்கள். கோ கோப்புகளின் அமைப்பு அந்த மென்பொருள்களுக்குப் பழக்கமற்றது என்பதே காரணமாம். அதற்காக எல்லா எச்சரிக்கையையும் தள்ளிவிடக் கூடாது. எங்கிருந்து வந்தது என்று தெரியாத கோப்பானால் எச்சரிக்கையை மதித்து நிறுத்துங்கள். வீட்டிலேயே தொகுத்த கோப்பானால் விடயம் வேறு.

அடுத்தது நிறுவுதல். தொகுத்த கோப்பு இருக்கும் கோப்புறைக்குள் நின்றுதான் இதுவரை அதை அழைத்தோம். வேறு கோப்புறையில் நின்று ஸகாத் என்று தட்டினால், அப்படி ஒன்று இல்லை என்று கணினி கைவிரிக்கும். ஒரு பெயரைத் தட்டியதும் கணினி வட்டு முழுவதும் தேடுவதில்லை. 'பாத்' என்ற பெயரில் அதனிடம் ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் எழுதியுள்ள கோப்புறைகளை வரிசையாகப் பார்க்கும்; எதிலும் இல்லையென்றால் இல்லைதான். உம்மா வீட்டில் இல்லாத நேரம் சீனிப் போத்தலைத் தேடும் தம்பியும் அப்படித்தான், வழக்கமான இரண்டு தட்டுகளைப் பார்த்துவிட்டுச் "சீனி இல்ல" என்பான்.

'கோ இன்ஸ்டோல்' என்ற கட்டளை செய்நிரலைத் தொகுத்து, அந்தக் கோப்பை ஒரு நிலையான இடத்தில் வைக்கிறது. வேறு எதுவும் மாற்றாவிட்டால், உங்கள் பயனர் கோப்புறைக்குள் 'கோ' என்ற கோப்புறையில் இருக்கும் 'பின்' என்ற உட்கோப்புறைதான் அந்த இடம். வேறு இடம் வேண்டுமானால் 'கோபின்' என்ற மாறியில் குறிப்பிடலாம். விண்டோஸில் கோவை நிறுவும்போதே அந்தக் கோப்புறை பாத் பட்டியலில் சேர்ந்துவிடுகிறது. லினக்ஸில் நாமே சேர்க்க வேண்டும். சேர்த்த பின் கட்டளைச் சாளரத்தை மூடிப் புதிதாகத் திறக்கவும் வேண்டும், ஏனெனில் ஏற்கெனவே திறந்திருக்கும் சாளரத்திடம் பழைய பட்டியல்தான் இருக்கும். அதன் பிறகு எந்தக் கோப்புறையில் நின்றாலும் ஸகாத் என்று தட்டினால் போதும், செய்நிரல் வந்து நிற்கும். நிறுவுதல் என்பது இவ்வளவுதான்: தேடும் இடத்தில் வைப்பது.

பிறர் எழுதி இணையத்தில் வைத்திருக்கும் செய்நிரல்களையும் இதே கட்டளையால் நிறுவலாம். அதன் முகவரியை எழுதி, அட் குறியிட்டு, வேண்டிய பதிப்பையோ 'லேட்டஸ்ட்' என்ற சொல்லையோ சேர்த்தால், கோ மூலக் குறிமுறையை இறக்கி, எமது கணினியிலேயே தொகுத்து, அதே 'பின்' கோப்புறையில் வைத்துவிடும். இந்த வசதி 2021இல் வந்த 1.16 பதிப்பிலிருந்து இருக்கிறது. அதற்கு முந்திய புத்தகங்களில் 'கோ கெட்' என்று எழுதியிருப்பார்கள், அது இப்போது இந்த வேலைக்குப் பயன்படாது. இறக்கிய குறிமுறையின் கைரேகை போன்ற ஓர் எண்ணை உலகப் பொதுப் பதிவேடு ஒன்றோடு ஒப்பிட்டு, வழியில் யாரும் மாற்றவில்லை என்பதைக் கருவி உறுதிசெய்கிறது. எழுதியவர் நல்லவரா என்பதை அந்த எண்ணால் சொல்ல முடியாது. அதற்கு மீண்டும் குறிமுறையை வாசிக்கத்தான் வேண்டும்.

எமது நாட்டோடு தொடர்புள்ள ஒரு நிரலாக்க மொழிக்கும் இத்தகைய கருவி உண்டு. இலங்கையில் தோன்றிய டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனம் உருவாக்கிய பலெரினா மொழியின் 1.0 பதிப்பு 2019இல் வெளிவந்தது. அதன் கருவியின் பெயர் 'பல்'. 'பல் ரன்', 'பல் பில்ட்' என்று கட்டளைகள் கோவைப் போலவே இருக்கும். ஒரு வேறுபாடு: சாதாரணமாக அது உருவாக்கும் கோப்பு ஓடுவதற்கு அந்தக் கணினியில் ஜாவா இருக்க வேண்டும். பெரிய நிறுவனங்களின் சேவையகங்களை இணைப்பதற்காக உருவான மொழி என்பதால் அங்கே அது குறையாகத் தெரியாது. மாமியின் மடிக்கணினிக்கு நான் கோவைத்தான் பாவிப்பேன்.

நிறுவியதை நீக்க எந்த விசேட வழியும் தேவையில்லை. 'பின்' கோப்புறையில் உள்ள அந்த ஒரு கோப்பை அழித்தால் செய்நிரல் போய்விடும். ஆனால் அடிக்கடி தொகுப்பவர்களின் கணினியில் இன்னொன்று சேர்ந்துகொண்டே வரும். ஏற்கெனவே தொகுத்த துண்டுகளைக் கோ ஓரிடத்தில் பத்திரப்படுத்தி வைக்கிறது. இரண்டாம் தடவை தொகுக்கும்போது கண்மூடித் திறப்பதற்குள் முடிவது அதனால்தான். வட்டில் இடம் குறைந்த கணினியானால், இடையிடையே 'கோ கிளீன்' என்பதோடு இணைகோடும் 'கேஷ்' என்ற சொல்லும் சேர்த்துக் கொடுத்து அதை வெறுமையாக்கலாம். அடுத்த தொகுப்புக்கு மட்டும் சற்று நேரம் கூடுதலாக எடுக்கும்.